ஒன்பதாவது கதையில் வரும் ஆண்

என் கதைகளில் மொத்தம் பதினான்கு ஆண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கே தெரியாது. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எண்ணிக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை கூடும் வாசகர் வட்டம் அது. என்னுடைய ஒரே சிறுகதைத் தொகுப்பு வெளிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு கதைகளில் ஆண் பாத்திரங்கள் எப்படிச் சித்தரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கட்டுரை வாசிக்க அவரை அழைத்திருந்தார்கள். கேட்டுவிட்டு நன்றி சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

அவர் நான்கு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். ஆண்களை வகை பிரித்திருந்தார். அடிப்பவர் ஒருவர், குடிப்பவர்கள் இருவர், ஏமாற்றுபவர்கள் மூவர், பேசாதவர்கள் ஐவர். மிச்சமிருந்த மூன்று பேரைப் பொறுப்பற்றவர்கள் என்ற தலைப்பில் சேர்த்திருந்தார். பட்டியலை வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"பதினாலு பேர்ல நல்லவர்னு ஒருத்தர்கூட இல்லை. அம்மையாருக்கு ஆண்கள் மேல இவ்வளவு கோபம் ஏன்னு எனக்கு விளங்கலை."

அறை சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார்.

கைப்பையில் என் ஆண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. கட்டுரைக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தேநீர் நேரத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியப்படுத்தினார்கள். ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டில் தான்தான் சமைப்பது வழக்கம் என்றார். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி என்னிடம் வந்து, வீட்டில் சார் ஒன்றும் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கைப்பைக் காகிதத்தில் இருந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடிக்கிற ஆண் என் புத்தகத்தில் ஒருவன்தான். ஆனால் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது அவனைத்தான். அவனைப் படித்தால், நாம் அடிப்பதில்லையே என்ற நிம்மதி அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. மற்றவர்கள் பெரிதாக எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஏதாவது கேட்பார்கள். எதையாவது கேட்காமல் விடுவார்கள். அவ்வளவுதான் எனக்கு எழுத வந்தது.

பேசாதவர்கள் ஐவரில் ஒருவர் என் அப்பா. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடிய பிறகு விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து, ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். வீட்டில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டின் பின்புறம் தகரம் வைத்து மறைத்த குளியலிடம் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து, நான் குளிக்கப் போனால் அப்பா ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தத் தகரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் இருமுவார். நான் வெளியே வந்ததும் எழுந்து போய்விடுவார். எதற்காக உட்காருகிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான்காவது கதையில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அந்த மனிதருக்குக் கொடுத்த பெயர், உணர்ச்சியற்ற தந்தை. அப்பா இறந்துபோனது நல்லது என்று அந்த மாடி அறையில் ஒரு நிமிடம் தோன்றியது.

வீடு ஜோகுபாளையத்தில். நடக்கிற தூரம்தான். போகும் வழியில் என் கணவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அந்தப் பதினாலு பேரில் தான் எந்த லிஸ்டில் வருகிறேன் என்று கேட்டார். படித்துப் பாருங்கள் என்றேன்.

அதுவரை அவர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி டிவி அலமாரியில் ஒரு வருடமாக நிமிர்ந்து நின்றது. தூசி தட்டும்போது எடுத்துப் பார்ப்பேன். பக்கம் பிரிந்த அடையாளமே இருக்காது. ஆனால் உறவுக்காரர்களிடம், அலுவலகத்தில், மாடிவீட்டுக்காரரிடம் எல்லாம் படித்துவிட்டதாகவே சொல்லிவந்தார். ரொம்ப டெப்த்தாக எழுதியிருக்கிறாள் என்பார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சந்தித்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மைன்ஸ் ஆட்கள் வீட்டுப் பெண் என்று அவர் அம்மா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் உறுதியாக நின்று என்னைக் கட்டிக்கொண்டார். அது உண்மை. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு இந்த முப்பது வருடமும் நல்லவர் என்று பெயரெடுக்க அவர் வேறெதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு காரியமே போதுமானதாக இருந்தது. என் பக்கத்து உறவுகளும் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நடந்த மறுவாரமே அவர் புத்தகத்தை எடுத்துவிட்டார். மகள் விட்டுப்போன பழைய பென்சில் ஒன்றைத் தேடி எடுத்து, பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஞாயிறு படித்தார். தேர்வுக்குப் படிப்பவர் மாதிரி கோடு போட்டுப் படித்தார். இரண்டாவது ஞாயிறு மதியம் சமையலறைக்கு வந்தார். நான் ஊறவைத்த அவரைக்கொட்டைகளைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தேன். புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். ஓரத்தில் 'நான்?' என்று எழுதியிருந்தது. அப்படி ஏழு இடங்கள்.

குற்றம் சாட்டும் குரலில்தான் ஆரம்பித்தார். குளியலறையிலிருந்து டவலுக்குக் கத்துகிறவன் தானா என்று கேட்டார். இல்லை, அது எங்கள் கம்பெனி கேப் ஓட்டும் அத்திபெலே ஊர்க்கார டிரைவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னது என்றேன். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தப் பெண்ணை எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற்றுவது என்பதுதான் என் வேலை. என் ஆண்களில் பாதிப் பேர் அங்கே கிடைத்தவர்கள். தினமும் போன் செய்து, மனைவி வண்டி ஏறிவிட்டாளா, கூட யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் கணவன் ஒருவனை எழுதியிருந்தேன். அங்கேயும் 'நான்?' என்று எழுதியிருந்தார். நீங்கள் ஒருநாள்கூட போன் செய்ததில்லையே என்றேன். யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

ஏழு இடத்துக்கும் நான் ஆளைக் காட்டினேன். மாமா ஒருவர், பழைய மேனேஜர் ஒருவர், டிரைவர்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்த மாதிரி தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாலு கொட்டையை எடுத்துத் தானும் பிதுக்கினார். பிறகு சொன்னார்.

"அந்த ஒம்போதாவது கதை இருக்குல்ல, ஆஸ்பத்திரி கதை. அந்த ஆளை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்ட. இப்படியும் ஒருத்தன் இருப்பானா?"

அந்தக் கதை இதுதான். ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்து ஒரு பெண் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். கணவன் வருகிறான். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நிற்கிறான். அவளைப் பார்த்து அவன் கேட்கிற முதல் வார்த்தை, ரேஷன் கார்டு எங்கே வைத்திருக்கிறாய் என்பது. அவள் இடத்தைச் சொல்கிறாள். அவன் போய்விடுகிறான். நான்கு பக்கக் கதை. அந்த நான்கு பக்கத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை.

என் கை நின்றுவிட்டது. அவர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

"அது நீங்கதான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தார். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட.

"நான் ரேஷன் கார்டு கேக்கல," என்றார். "கேஸ் புக் கேட்டேன். அடுத்த நாள் சிலிண்டர் வர்ற நாள். புக் இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுவான். நீ கிச்சன்ல ரெண்டாவது ஷெல்ஃப்ல, பேப்பருக்கு அடியிலன்னு சொன்ன. அங்கதான் இருந்தது."

எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்தத் தட்டு, எந்தக் காகிதம் என்பது வரை. இருபத்திரண்டு வருடம் அது அவரிடம் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. யாரும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று நான்தான் கேஸ் புக்கை ரேஷன் கார்டாக மாற்றினேன். அந்த ஒரு மாற்றம் போதும், அவர் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிட்டார்.

அன்று குளித்துவிட்டு வந்து, "ஆய்த்து, பிடு" என்றார். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது நாள் எதுவும் நடக்காத மாதிரி பேப்பரில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினார். நானும் கேட்டுக்கொண்டேன். ஒரே வீட்டில் இருப்பவர்கள் வேறென்ன செய்வது.

சில மாதம் கழித்து அதே வாசகர் வட்டம் ஆண்டு விழா நடத்தியது. எனக்கு ஒரு சால்வை போடுவதாக இருந்தார்கள். அதே பேராசிரியர்தான் தலைமை. சால்வையைப் போட்டு முடித்ததும், எழுத்தாளரின் கணவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். இவர் மறுப்பார் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை.

நன்றாகத்தான் பேசினார். என் உழைப்பைப் பாராட்டினார். கேப்பில் போகும்போதும் வரும்போதும் எழுதிய கதைகள் இவை என்றார். பிறகு, இந்தக் கதைகளைப் படித்துவிட்டு எல்லாரும் தன்னைச் சந்தேகமாகப் பார்ப்பதாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. சீட்டை மடித்து வைத்துவிட்டார்.

"ஒரு ரகசியம் சொல்றேன். எப்பவோ ஒரு நாள் நான் இவங்ககிட்ட கேஸ் புக் எங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்ச குத்தம். இவங்க அதை ரேஷன் கார்டுன்னு மாத்தி, என்னை வில்லனாக்கி, ஒரு கதையே பண்ணிட்டாங்க. ரைட்டரைக் கட்டினா வீட்ல ஜாக்கிரதையாத்தான் பேசணும்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பேராசிரியர் மைக்கை வாங்கி, ஒரு சாதாரண வீட்டுப் பேச்சு எப்படிப் படைப்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கேட்டார். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் என்னிடம் வந்து, இப்படி ஒரு ஸ்போர்ட்டிவான கணவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அது சரியாக மடியவில்லை. நான்கு தடவை பிரித்துப் பிரித்து மடித்தது நினைவிருக்கிறது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். அவர் சந்தோஷமாக இருந்தார். ஸ்பீச் எப்படி என்று கேட்டார்.

"அதுல ஒரு குழந்தை இருந்துச்சு," என்றேன். "அதைச் சொல்லாம விட்டுட்டீங்க."

ஆட்டோ சிக்னலில் நின்று, திரும்பவும் கிளம்பியது.

"சபையில போய் அதெல்லாம் எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் மனமறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. அதை நாகரிகம் என்றே நினைத்திருந்தார். என் துக்கத்தை நாலு பேர் முன்னால் வைக்காமல் மூடிக் காப்பாற்றியதாகவே நம்பினார். குழந்தையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு தமாஷ்தான், அதைத்தான் சொன்னேன் என்பது அவர் நியாயம். எனக்கு அவரோடு சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கு ஏதோ ஒன்று என்னைவிட்டுப் போய்விட்டது. அன்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். அன்பு எப்போது குறைந்தது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. என்றாவது இவருக்கு விளங்கும் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்புத்தான் போனது.

புனேயில் வேலை பார்க்கும் மகள் அந்த வாரம் போன் செய்தபோது விழா எப்படி நடந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்பதாவது கதையில் வருவது அப்பா என்று புத்தகம் வந்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு அவளும்தான் வந்திருந்தாள், ஆறு வயதில். வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டோம் என்று நர்ஸ் அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள்.

"அன்னிக்கு அப்பா என்னைக் கூட்டிட்டுக் கீழ வந்து ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வச்சாரும்மா," என்றாள். "ஆனா கிளம்பவே இல்ல. ரொம்ப நேரம். என் தலைமேல அவர் முகத்தை வச்சுக்கிட்டு இருந்தாரு. என் முடியெல்லாம் ஈரமாயிடுச்சு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் இளகியிருக்க வேண்டும். முதலில் இளகவும் செய்தது. ஆனால் யோசிக்க யோசிக்க முன்பைவிடக் கசந்தது. அழுகை இருந்திருக்கிறது. அதைப் படி இறங்கிப் போய் ஒரு ஆறு வயதுக் குழந்தையின் தலையில் வைத்திருக்கிறார். அவர் நின்ற வாசலிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் கட்டிலில் நான் இருந்தேன். என்னிடம் அவர் கொண்டுவந்தது கேஸ் புக் எங்கே என்ற கேள்வியை மட்டும்தான்.

இருந்தாலும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். கேஸ் புக் கேட்க வந்த அன்றைக்கு ஸ்கூட்டரை எடுக்காமல் கீழே நின்றுகொண்டிருந்தீர்களாமே என்றேன். யார் சொன்னது என்றார். மகள் பெயரைச் சொன்னேன். அவள் சொன்னதைச் சொன்னேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் நான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு.

"அது சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" என்றார். "அந்த ஸ்கூட்டர்ல கார்புரேட்டர் ப்ராப்ளம். உதைச்சு உதைச்சு வேர்த்துப் போச்சு. அவ்வளவுதான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சிங்க்கில் வைத்துத் தண்ணீரும் விட்டார்.

என் ஆண்களைப் பற்றி இப்போதெல்லாம் யாராவது கேட்டால், நான் பார்த்ததை எழுதினேன் என்று மட்டும் சொல்கிறேன். மகள் சொன்னதை ஒன்பதாவது கதையில் சேர்க்கலாமா என்று நினைத்தது உண்மை. சேர்த்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும். பேராசிரியருக்கும் ஒரு நல்லவர் கிடைப்பார். ஆனால் அது கட்டிலில் படுத்திருக்கிறவளின் கதை. அவளுக்கு வாசல் வரைதான் தெரியும். வாசலுக்கு அப்பால் நடந்ததைத் தன்னிடம் வந்து சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. அவளாகவே கேட்டபோதும் இல்லை என்று சொல்லிவிட்டான். அதை நானாக எழுதிச் சேர்த்தால், அவன் செய்ய வேண்டியதையும் நானே செய்து முடித்ததாக ஆகிவிடும். வீட்டில் அப்படிச் செய்து முடித்தவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

போன மாதம் பதிப்பாளர் கூப்பிட்டார். இரண்டாம் பதிப்பு போடுகிறார்களாம். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான்காவது கதையில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறது என்று பக்க எண்ணோடு சொன்னேன். வேறு எதுவும் இல்லை என்றேன்.